பழைய பேஸ்பால் அட்டைகள்: புதிதாகச் சேகரிக்க வருவோருக்கு ஒரு வழிகாட்டி

என் மேசைமேல் இருக்கும் அட்டைக்குத் தீப்பெட்டியின் அகலம்தான். உயரம் மட்டும் கொஞ்சம் கூடுதல். நான்கு மூலைகளும் தேய்ந்து வட்டமாகிவிட்டன. நடுவே ஒரு மடிப்பு ஓடுகிறது. ஆரஞ்சு நிற வானத்தின் முன்னால் ஓர் ஆட்டக்காரர் கையுறையோடு நிற்கிறார். திருப்பினால் நீல மையில் ‘பீட்மாண்ட்’ சிகரெட் விளம்பரம். 1909க்கும் 1911க்கும் இடையில், அமெரிக்காவில் யாரோ ஒருவர் சிகரெட் பெட்டியைப் பிரித்தபோது வெளியே வந்த அட்டை இது. நான் இதற்குக் கொடுத்த பணத்தில் ஒரு குடும்பம் உணவகத்தில் ஒருவேளை சாப்பிடலாம், அவ்வளவுதான்.

விலையை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய பேஸ்பால் அட்டைகளைப் பற்றி நம் காதுக்கு எட்டுவதெல்லாம் ஏலச் செய்திகள்தான். 2022இல், மிக்கி மேண்டில் என்ற ஆட்டக்காரரின் 1952ஆம் ஆண்டு அட்டை ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. அதே ஆண்டில் ஹோனஸ் வாக்னர் அட்டை ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. இதைப் படித்துவிட்டு நமக்கு எட்டாத விளையாட்டு என்று ஒதுங்குகிறவர்கள் உண்டு. எங்காவது பரணில் புதையல் கிடைக்காதா என்று அலைகிறவர்களும் உண்டு. ஆனால் இந்தப் பழக்கத்தை வளர்த்து நமக்குக் கொடுத்தவர்கள் தொழிற்சாலை ஊழியர்களும் வங்கி ஊழியர்களும்தான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கடிதம் எழுதி, தபாலில் அட்டைகளை மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். அவர்கள் போன வழியிலேயே போனால் கையைச் சுட்டுக்கொள்ளாமல் தொடங்கலாம் என்பது என் அனுபவம்.

1. காசை எடுக்கும் முன் கண்ணைப் பழக்குங்கள்

ஜெஃபர்சன் பர்டிக் என்ற பெயரை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1900இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். சிராக்யூஸ் நகரில் மின்கருவி செய்யும் ஒரு தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்தும் வேலை. திருமணம் செய்துகொள்ளவில்லை. மூட்டுவாதம் அவரைக் கடைசிவரை விடவில்லை. அந்தக் கைகளால் அவர் சேர்த்தவை 3,03,000க்கு மேற்பட்ட அச்சுத் துண்டுகள்: சிகரெட் அட்டைகள், மிட்டாய் அட்டைகள், கடை விளம்பரச் சீட்டுகள், வாழ்த்து அட்டைகள். அவற்றில் 30,000க்கு மேல் பேஸ்பால் அட்டைகள். இத்தனைக்கும் அவர் பேஸ்பால் பைத்தியம் பிடித்தவர் அல்ல. தூக்கி எறியப்படும் காகிதத்தில்தான் ஒரு காலத்தின் வாழ்க்கை பதிந்திருக்கிறது என்று நம்பியவர்.

1947இல் தன் சேகரிப்பை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார். அங்கே அச்சோவியப் பிரிவைக் கவனித்துவந்த ஹயட் மேயர் அதை ஏற்றுக்கொண்டார். கொடுத்தால் மட்டும் போதாது, எல்லாவற்றையும் வரிசைப்படுத்தவும் வேண்டும். கடைசியில் பர்டிக் நியூயார்க்குக்கே குடிவந்து, அருங்காட்சியகத்தில் ஒரு மேசையில் உட்கார்ந்து, விறைத்துப்போன விரல்களால் ஒவ்வொன்றாக ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரி 10 அன்று வேலை முடிந்தது. மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். இரண்டு மாதத்தில் இறந்துபோனார்.

அந்த மனிதரின் உழைப்பு இன்று உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அவர் கொடுத்த பேஸ்பால் அட்டைகளில் ஏராளமானவற்றை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பெஞ்சமின் எட்வர்ட்ஸ் என்ற இன்னொரு முற்காலச் சேகரிப்பாளரின் 2,100 அட்டைகள் இருக்கின்றன. 1887 முதல் 1914 வரையிலானவை. அவற்றையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

குறைந்தது இரண்டு வாரம் எதையும் வாங்காமல் பார்த்துக்கொண்டே இருங்கள். வெறுமனே புரட்டாமல் ஒரு தொகுதியை எடுத்துக்கொண்டு முப்பது முன்பக்கங்களையும் முப்பது பின்பக்கங்களையும் ஒப்பிடுங்கள். வெள்ளைக் கரை எவ்வளவு அகலம்? பெயர் எந்த நிற மையில் இருக்கிறது? எழுத்தின் உடம்பு தடிமனா, மெலிவா? 1880களின் ‘ஓல்ட் ஜட்ஜ்’ அட்டைகளைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தைத் தேடுங்கள். அவை படப்பிடிப்பு நிலையத்துக்குள் எடுத்த புகைப்படங்கள். பந்து பறந்து வருவதுபோல் காட்ட அதை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பல அட்டைகளில் அந்த நூல் வெறும் கண்ணுக்கே தெரியும். அந்த நூல் உங்கள் கண்ணில் பட ஆரம்பித்துவிட்டால் உங்கள் கண் பழகிவிட்டது என்று பொருள்.

2. எழுத்தையும் எண்ணையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சேகரிப்பாளர்கள் இருவர் பேசிக்கொண்டால் ‘டி206’, ‘இ145’, ‘என்172’ என்று காதில் விழும். புதியவர்கள் மிரள்வது இங்கேதான். இது பர்டிக் வகுத்த முறை. அவர் 1939இல் தன் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டார். பிறகு அது ‘அமெரிக்க அட்டைப் பட்டியல்’ என்ற பெயரில் வளர்ந்து 1960 வரை பல பதிப்புகள் கண்டது. உலோகங்களுக்கும் தாவரங்களுக்கும் பெயர் இருப்பதுபோல அட்டைகளுக்கும் பெயர் வேண்டும், அப்போதுதான் தொலைவில் இருக்கும் இருவர் ஒரே பொருளைப் பற்றித் தபாலில் பேச முடியும் என்பது அவர் கணக்கு.

‘என்’ என்றால் 19ஆம் நூற்றாண்டின் புகையிலை அட்டைகள். ‘டி’ என்றால் 20ஆம் நூற்றாண்டின் புகையிலை அட்டைகள். ‘இ’ முற்கால மிட்டாய், சூயிங்கம் அட்டைகள். ‘ஆர்’ 1930க்குப் பிந்திய மிட்டாய், சூயிங்கம் அட்டைகள். ‘டி’ என்று தமிழில் எழுதினால் ரொட்டிக் கடைகள் கொடுத்த அட்டைகளுக்கான ஆங்கில எழுத்தோடு குழம்பும். ஆகவே விற்பவரிடம் கேட்கும்போது ‘புகையிலை டி’யா, ‘ரொட்டி டி’யா என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ‘டபிள்யூ’ என்றால் பெரும்பாலும் நீளத் தாளாக விற்று, கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கப்பட்டவை. அவற்றின் ஓரம் கோணலாக இருந்தால் அது குறையல்ல. அவை பிறந்த விதமே அப்படி.

இந்த எழுத்துகளுக்குள் ஒரு வணிக வரலாறும் அடங்கியிருக்கிறது. சிகரெட் பெட்டிகள் மெல்லிய காகிதத்தால் ஆனவை. கசங்காமல் இருக்க உள்ளே ஒரு விறைப்பான அட்டை வைத்தார்கள். வெறும் அட்டையாக வைப்பானேன், அதில் படம் அச்சிட்டால் விற்பனை கூடுமே என்று தொடங்கியதுதான் எல்லாம். 1890இல் பெரிய சிகரெட் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி ஆயின. போட்டி மறைந்ததும் வாடிக்கையாளரைக் கவரவேண்டிய தேவையும் குறைந்தது; அட்டைகளும் குறைந்தன. பிறகு 1909இல் திரும்பவும் பெருவெள்ளமாக வந்தன. அதே நிறுவனத்தை 1911இல் உச்ச நீதிமன்றம் பிரிக்க ஆணையிட்டது. டி206 தொகுதியின் ஆயுளும் அந்த 1909-1911தான்.

3. ஒரே ஒரு தொகுதியைத் தேர்ந்தெடுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் ஓராண்டில் ஒரு பெட்டி நிறையும். எதைப் பற்றியும் எதுவும் தெரியாது. முதல் ஓராண்டுக்கு ஒரு தொகுதியோடு இருங்கள்.

என் பரிந்துரை டி206. சேகரிப்பாளர்கள் இதை ‘அரக்கன்’ என்பார்கள். மொத்தம் 524 அட்டைகள் என்பது வழக்கமான கணக்கு. பின்பக்கத்தில் 16 புகையிலைப் பெயர்கள் வரும்: பீட்மாண்ட், ஸ்வீட் கேப்போரல், சாவரின், ஓல்ட் மில், போலார் பேர், டால்ஸ்டாய், இப்படி. ‘ஹிண்டு’ என்ற பெயரிலும் ஒன்று உண்டு. பீட்மாண்டும் ஸ்வீட் கேப்போரலும் எளிதில் கிடைப்பவை. முன்பக்கத்தில் அதே ஆட்டக்காரர் இருந்தாலும் பின்பக்கம் ‘யூசிட்’ அல்லது ‘ட்ரம்’ என்றிருந்தால் விலை பல மடங்காகிவிடும். ஆகவே பின்பக்கப் படம் இல்லாமல் விற்கப்படும் டி206ஐ வாங்கவே வாங்காதீர்கள். சிகரெட் பெயரோடு பல அட்டைகளில் தொழிற்சாலை எண்ணும், ‘150 பேர்’, ‘350 பேர்’ என்ற வரிசைக் குறிப்பும் இருக்கும். அதை வைத்து உங்கள் அட்டை முதல் வரிசையில் வந்ததா, பிறகு வந்ததா என்று சொல்லிவிடலாம்.

இதில் நான்கு அட்டைகள் எட்டாக்கனி. வாக்னர், எட்டி பிளாங்க், பெயரில் ஓர் எழுத்து தவறி அச்சான ஷெர்ரி மேகீ, எந்த லீக் என்பது பிழையாக அச்சான ஜோ டாயில். இந்த நான்கையும் விட்டுவிட்டு 520ஐ முடித்தால் தொகுதி முடிந்தது என்று சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். மிக நல்ல வழக்கம் அது. ஆனால் 520 என்பதும் பல ஆண்டு வேலை. ஒரு நகரத்தின் அணியை மட்டும் சேர்க்கலாம். ஒவ்வொரு சிகரெட் பெயருக்கும் ஓர் அட்டை என்று 16ஐத் தேடிப் போகலாம். நான் தொடங்கியது ஒரே அணியில்.

இனிப்பில் ஆசையிருந்தால் கிராக்கர் ஜாக், அதாவது இ145. 1914இல் 144 அட்டைகள், 1915இல் 176. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், சிவப்புப் பின்னணியோடு. பிரித்தறிய ஒரு வழி: அட்டையைப் புத்தகப் பக்கத்தைப்போல் பக்கவாட்டில் திருப்புங்கள். பின்பக்க எழுத்து தலைகீழாக வந்தால் அது 1915. இன்னொரு தடயமும் உண்டு. 1914இல் பாகு பூசிய சோளப்பொரியோடு பெட்டிக்குள் கிடந்த அட்டைகளே கிடைத்தன. அதனால் பாகுக் கறை. 1915இல் கூப்பன் அனுப்பினால் தொகுதியைத் தபாலிலும் பெறலாம் என்று அறிவித்தார்கள். அதனால் அந்த ஆண்டின் அட்டைகள் சுத்தமாகவும் கிடைக்கின்றன. கறை படிந்த அட்டையை நான் மட்டமாக நினைப்பதில்லை. அது பெட்டிக்குள் இருந்ததற்கான அத்தாட்சி.

1933இன் கவுடி, ஆர்319, பாஸ்டன் நகரத்துச் சூயிங்கம் கம்பெனியின் தொகுதி. 240 அட்டைகள். பேப் ரூத் மட்டும் நான்கு அட்டைகளில் வருகிறார். அவை விலை அதிகம். சாதாரண ஆட்டக்காரர்களை நிதானமாகச் சேர்க்கலாம். இத்தொகுதியின் கதை 106ஆம் எண்ணில் இருக்கிறது. 1933இல் அந்த எண் வெளிவரவே இல்லை. பிள்ளைகள் அதைத் தேடிச் சூயிங்கம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். ஏன் இல்லை என்று கேட்டுக் கடிதம் எழுதியவர்களுக்கு 1934இல் நெப்போலியன் லாஜவே படத்தோடு அச்சிட்டுத் தபாலில் அனுப்பினார்கள். கடிதத்தோடு ஜெம் கிளிப் போட்டு அனுப்பியதால் பல லாஜவே அட்டைகளில் கிளிப்பின் தடம் பதிந்திருக்கும்.

1952இன் டாப்ஸ் தொகுதி, இன்னொரு சூயிங்கம் கம்பெனியுடையது, 407 அட்டைகள், அளவில் பெரியது. ஐம்பதுகளின் நிறங்களை விரும்புவோருக்கு. 311 முதல் உள்ள எண்களைத் தவிர்த்துத் தொடங்கினால் சமாளிக்கலாம்.

4. கதைகளைக் கேளுங்கள், ஆனால் சல்லடை வைத்திருங்கள்

இந்த உலகத்தில் அட்டைக்கு அட்டை ஒரு கதை உண்டு. கதைதான் நம்மை இழுத்துவருகிறது. விற்பவர்கள் பயன்படுத்துவதும் அதைத்தான்.

வாக்னர் அட்டை ஏன் அரிது? பிள்ளைகள் சிகரெட் வாங்கக்கூடாது என்று அவர் தன் படத்தை நிறுத்திவிட்டார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. வாக்னரே புகையிலை மெல்லுபவர், அதற்கு முன்பு ஒரு சுருட்டு விளம்பரத்துக்குப் படம் கொடுத்தவர். பணத் தகராறுதான் காரணம் என்பது எதிர்க்கதை. 1912இல் ‘ஸ்போர்ட்டிங் நியூஸ்’ இதழில் வந்த செய்தி மூன்றாவது. அவருடைய அனுமதியைப் பெற்றுத் தந்தால் பத்து டாலர் என்று பிட்ஸ்பர்க் எழுத்தாளர் ஜான் க்ரூபருக்குக் கம்பெனி சொல்லியிருந்ததாம். வாக்னர் மறுத்துவிட்டு, உங்களுக்கு நஷ்டம் வேண்டாம் என்று பத்து டாலர் காசோலையை க்ரூபருக்கே அனுப்பினாராம். எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவதுதான், அது நடந்த காலத்துக்கு அருகில் எழுதப்பட்டது என்பதால். பர்டிக்கின் பட்டியலில் மற்ற டி206 அட்டைகள் சில்லறை விலையில் இருக்க, வாக்னருக்கு மட்டும் 50 டாலர் போட்டிருந்தது. அந்த அருமையை முதலில் எழுதிவைத்தவர்கள் தபாலில் அட்டை மாற்றிக்கொண்ட அந்தப் பழைய ஆட்களே.

மேண்டில் கதை வேறு மாதிரி. 1952இன் டாப்ஸ் தொகுதியில் கடைசியாக வந்த அட்டைகள் விற்காமல் கிடங்கில் தேங்கின. 1960இல் அவற்றைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அத்தொகுதியை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டதும் மேண்டில் அட்டைதான் மிக அரிது என்று தோன்றும். உண்மையில் அந்த வரிசையில் மேண்டில் அட்டை மற்றவற்றைவிட இருமடங்கு அச்சானது. அதன் விலைக்குக் காரணம் அருமை அல்ல, அந்த ஆட்டக்காரர் மேல் ஒரு தலைமுறை வைத்த அன்பு. விலை வேறு, அருமை வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பரணில் புதையல் கிடைத்த கதைகளும் பொய்யல்ல. 2012இல் ஓஹையோ மாநிலத்தில் ஒரு வீட்டுப் பரணில் கரிபடிந்த அட்டைப்பெட்டிக்குள் சுமார் 700 மிட்டாய் அட்டைகள் புத்தம் புதியவைபோல் கிடைத்தன. 2016இல் கொள்ளுத்தாத்தாவின் பழைய வீட்டைச் சுத்தம் செய்தவர்கள் குப்பைக்குப் போகவிருந்த கசங்கிய காகிதப் பைக்குள், டை காப் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரின் ஏழு அட்டைகளைக் கண்டார்கள். பின்பக்கத்திலும் டை காப் பெயரே உள்ள, மிக அரிய வகை. இந்த இரண்டும் வல்லுநர்கள் கையில் சோதிக்கப்பட்டன. சந்தையில் ஒருவர் உங்களிடம் “என் தாத்தா பெட்டியில் இருந்தது” என்று சொல்லும் கதைக்கு அந்தச் சோதனை இல்லை. அட்டையின் கதையைக் கேட்டுவிட்டு, அட்டையைத் தனியாகச் சோதியுங்கள்.

5. முதல் அட்டை: ஓர் அளவுகோல்

உங்கள் முதல் அட்டை நட்சத்திர ஆட்டக்காரராக இருக்கவேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுத்த தொகுதியில், பெயர் தெரியாத ஓர் ஆட்டக்காரரின், தேய்ந்த, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாத நிஜ அட்டையை வாங்குங்கள். டி206இல் சில பத்து டாலர்களுக்குக் கிடைக்கும். பெயர் பெற்ற வணிகரிடம் வாங்குங்கள். இனி நீங்கள் வாங்கும் ஒவ்வொன்றையும் இதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கப்போகிறீர்கள். கருவிகள் அதிகம் வேண்டாம்: பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி, சிறிய புற ஊதா டார்ச், மில்லிமீட்டர் உள்ள நல்ல அளவுகோல், மேசை விளக்கு.

எனக்கு இந்தப் பாடம் தாமதமாகத்தான் கிடைத்தது. தொடங்கிய ஆண்டில் ஒரு பழம்பொருள் சந்தையில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த டை காப் அட்டை ஒன்றை வாங்கினேன். பழுப்பேறிய காகிதம், மடிந்த மூலை, எல்லாம் பொருத்தமாகத் தெரிந்தன. சட்டத்தைக் கழற்றக்கூடாது என்று விற்றவர் சொன்னபோதே விலகியிருக்க வேண்டும். வீட்டில் கழற்றிப் பூதக்கண்ணாடியைப் பெயரின் மேல் வைத்தேன். எழுத்து கலைந்து இளஞ்சிவப்பும் நீலமுமான புள்ளிகளாகச் சிதறியது. பக்கத்தில் என் பீட்மாண்ட் அட்டையை வைத்துப் பார்த்தேன். அதில் ஒவ்வொரு எழுத்தும் ஒரே பழுப்பு மையில் ஊறி, முழுமையாக, ஓரம் தெளிவாக இருந்தது. அந்த இரண்டையும் இன்றும் ஒன்றாகவே வைத்திருக்கிறேன். புதிதாக வருவோருக்குக் காட்டுவதற்காக.

சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் பெயர் எழுத்து. பழைய கல்லச்சில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக அச்சானது. பெயர் ஒரே மையில் விழுந்தது. படத்தை ஒளிப்படமெடுத்துத் திரும்ப அச்சிட்டால் எழுத்தும் புள்ளியாகிவிடும். ஆட்டக்காரரின் முகத்தில் நிஜ அட்டையிலும் புள்ளிகள் தென்படலாம். அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். எழுத்தையும் கரைக்கோட்டையும் பாருங்கள்.

இரண்டாவது, இருட்டில் புற ஊதா வெளிச்சம். காகிதத்தை வெண்மையாக்கும் ஒளிர் வேதிப்பொருள்கள் இரண்டாம் உலகப்போரை ஒட்டிய காலத்தில்தான் புழக்கத்துக்கு வந்தன. 1910ஆம் ஆண்டு அட்டை பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அது போலி. ஒளிராவிட்டால் நிஜம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பழைய காகிதத்தில் அச்சிடும் போலிகளும் உண்டு.

மூன்றாவது, ஓரம். அட்டையைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்து நான்கு ஓரங்களையும் பாருங்கள். நூறாண்டுப் பழமை நான்கிலும் ஒரேபோல் படிந்திருக்கும். மூன்று ஓரம் மங்கி ஒன்று மட்டும் வெளுத்துக் கூர்மையாக இருந்தால், யாரோ பிளேடு வைத்துச் சீவியிருக்கிறார்கள். அளவையும் பாருங்கள், டி206 சாதாரணமாக 1 7/16 க்கு 2 5/8 அங்குலம். அளவை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்லவும் கூடாது. வெட்டியபோதே கொஞ்சம் முன்பின் ஆனவை உண்டு. ‘அமெரிக்கன் பியூட்டி’ பின்பக்கம் கொண்டவை பிறவியிலேயே ஒடுக்கமானவை. அதைத் தெரியாமல் நல்ல அட்டையை ஒதுக்கியவர்கள் இருக்கிறார்கள்.

தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கிய போலிகளும் வரும். நிஜ அட்டையில் தேய்மானத்துக்கு ஒரு நியாயம் இருக்கும்: மூலைகள் முதலில், பிறகு ஓரம், பிறகு மேற்பரப்பு. நடுவில் மட்டும் அழுக்கும் மூலைகள் கூர்மையுமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

6. தரச்சான்று பற்றி

1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கனமான பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தரும் நிறுவனங்கள் உள்ளன. பழைய அட்டைகளுக்குப் பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி. இரண்டும் பெயர் பெற்றவை. ரூத், காப் போன்ற விலை உயர்ந்த அட்டைகளைச் சான்றில்லாமல் வாங்காதீர்கள். முப்பது, நாற்பது டாலர் அட்டைக்கு அதே அளவு கட்டணம் கட்டிச் சான்று வாங்குவது வீண்.

சான்றும் மனிதர்கள் கொடுப்பதுதான். பி.எஸ்.ஏ. முதன்முதலாகத் தரமிட்ட அட்டை ஒரு வாக்னர். 10க்கு 8 பெற்றது. 1991இல் ஹாக்கி வீரர் வெய்ன் க்ரெட்ஸ்கியும் கூட்டாளி ஒருவரும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு அதை வாங்கினார்கள். பிறகு கை மாற மாற விலை ஏறியது. ஒரு காலத்தில் அதை வைத்திருந்த ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, தானே அதன் ஓரத்தைச் சீவியதாக 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். உறையின் மேல் உள்ள எண்ணைப் படிக்கும் முன், உறைக்குள் இருக்கும் அட்டையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

என் விருப்பத்தைச் சொல்கிறேன். 1, 2 மதிப்பெண் பெற்ற அட்டைகளே எனக்குப் பிடிக்கும். மடிப்பு இருக்கட்டும், மூலை தேயட்டும். முகமும் நிறமும் தெளிவாக இருந்தால் போதும். லயனல் கார்ட்டர் என்ற இலினாய் மாநிலத்து வங்கி ஊழியர் 1930களிலிருந்தே அட்டைகளைச் சிறு கீறல்கூட இல்லாமல் காத்துவந்தவர். நிலைதான் முக்கியம் என்று மற்றவர்கள் நினைக்காத காலத்தில் நினைத்தவர். அவருடைய வழியும் உயர்ந்த வழியே. ஆனால் அதில் போக ஆழமான பை வேண்டும். ஒரே பணத்துக்கு ஒரு பளபளப்பான அட்டையா, பத்துத் தேய்ந்த அட்டைகளா என்று வந்தால், புதியவர் பத்திலிருந்துதான் அதிகம் கற்பார்.

7. வாங்கும்போது

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்த விலையைப் பாருங்கள். இபே போன்ற தளங்களில் விற்றவற்றை மட்டும் காட்டும் வசதி உண்டு. ஏல நிறுவனங்கள் ஏலத்தொகைக்கு மேல் வாங்குபவரிடம் தனிக் கட்டணம் வசூலிக்கும். 20 சதவீதம் என்பது சாதாரணம். அதைக் கணக்கில் சேர்த்துவிட்டே கையைத் தூக்குங்கள். அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வாங்குகிறவர்கள் தபால் செலவையும் சுங்கவரியையும் முன்பே விசாரித்துக்கொண்டு, ஒரே வணிகரிடம் பலவற்றைச் சேர்த்து வாங்கினால் மிச்சம். 1980 முதல் நடந்துவரும் தேசியச் சேகரிப்பாளர் மாநாட்டுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். கோடையில், ஊர் மாறி மாறி நடக்கும். ஒரு நாளில் அங்கே கையில் எடுத்துப் பார்க்கக் கிடைக்கும் அட்டைகள் ஓராண்டு திரையில் பார்த்ததற்குச் சமம்.

8. வைத்துக் காப்பது

1952 டாப்ஸின் முதல் எண் ஆண்டி பாஃப்கோ. நல்ல நிலையில் அது கிடைப்பது மிகக் கடினம். பிள்ளைகள் அட்டைகளை எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டார்கள். மேலே இருந்தவர் பாஃப்கோ. ரப்பர் அவர் ஓரங்களைத்தான் தின்றது. ஆகவே ரப்பர் பேண்ட், செலோ டேப், பசை, பேப்பர் கிளிப் எதையும் அட்டையின் அருகே கொண்டுபோகாதீர்கள். பர்டிக் பசையால் ஒட்டினாரே என்று கேட்கலாம். அவர் காலத்து வழக்கம் அது. அந்தப் பக்கங்களிலிருந்து அட்டைகளைச் சேதமில்லாமல் பிரிப்பது பாடுதான்.

ஒவ்வொரு அட்டைக்கும் மெல்லிய பாலிபுரோப்பிலீன் உறை, அதற்கு மேல் ஒரு விறைப்பான உறை. பி.வி.சி. பிளாஸ்டிக் வேண்டாம்; நாளடைவில் அது பிசுபிசுத்து மையைக் கெடுக்கும். வெயில் படாத, ஈரம் ஏறாத அலமாரி. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதமொருமுறை திறந்து பாருங்கள். கழுவுவது, அழுத்தி மடிப்பை எடுப்பது, நிறம் தீட்டுவது எதையும் செய்யாதீர்கள். அது பழுதுபார்ப்பது ஆகாது, அடுத்து வாங்குபவரை ஏமாற்றுவதில் போய் முடியும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, எந்த அட்டை, எந்தப் பின்பக்கம், எந்தத் தொழிற்சாலை எண், யாரிடம், எவ்வளவுக்கு, என்றைக்கு என்று எழுதுங்கள். உங்களுக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு அது வேண்டும்.

என் பீட்மாண்ட் அட்டையின் பின்பக்கத்தில், விளம்பரத்துக்குக் குறுக்கே, பென்சிலால் ஒரு பையன் தன் பெயரை எழுதியிருக்கிறான். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது கரைமேல் ஏறியிருக்கிறது. இப்படி எழுத்துள்ள அட்டைகள் உங்களுக்கும் வரும், மற்றவற்றைவிடக் குறைந்த விலையில். தாராளமாக வாங்குங்கள். பென்சிலை மட்டும் அழிக்காதீர்கள்; அழிக்கும் ரப்பர் பழைய அட்டையின் மேற்பரப்பையும் சேர்த்து எடுத்துவிடும்.